அக்கிலுக்குப் போகும் பழைய ரயில் தடம்

மேயோ மாவட்டம் அயர்லாந்தின் மேற்கு ஓரம். வடக்கே நெஃபின் பெக் மலைகள், தெற்கே கிளூ வளைகுடா, இரண்டுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிறது ஒரு கரை. அந்தக் கரையோடு வெஸ்ட்போர்ட் ஊரிலிருந்து அக்கில் தீவின் வாசல் வரை 42 கிலோமீட்டர் சைக்கிளில் போகலாம். குறுக்கே சாலையைக் கடக்கிற சில இடங்களைத் தவிர, பின்னால் ஒரு லாரியின் உறுமல் கிடையாது. 'கிரேட் வெஸ்டர்ன் கிரீன்வே' என்று பெயர்.

டப்ளினில் வேலை பார்க்கும் மகள்தான் கூப்பிட்டாள். மலைப்பக்கம் என்றதும் நான் தயங்கினேன். "ரயில் ஓடின பாதைம்மா. பயப்படாதே, ரயிலாலே ஏற முடிஞ்சா உன்னாலயும் முடியும்" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் விஷயமே அதுதான்.

ரயிலுக்கு ஏற்றம் ஆகாது. இரும்புச் சக்கரத்துக்கு இரும்புத் தண்டவாளத்தின் மேல் பிடிமானம் குறைவு. ஐம்பது அடிக்கு ஓரடி ஏறச் சொன்னாலே இஞ்சின் திணறும். நம் நீலகிரியில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே ஏறக்குறைய 12 அடிக்கு ஓரடி ஏற வேண்டியிருந்ததால்தான் பல்சக்கரம் போட்டார்கள். மற்ற இடங்களில் எல்லாம் மேட்டை வெட்டி, பள்ளத்தைத் தூர்த்து, ஆற்றின் மேல் பாலம் கட்டிச் சரிவைத் தணித்துக்கொண்டே போக வேண்டும். அன்று நீராவி இஞ்சினுக்காக மண் சுமந்தவர்களின் உழைப்பு இன்று என்னைப் போன்ற அறுபதை நெருங்குகிறவர்களின் முழங்காலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

காற்று அங்கே பெரும்பாலும் மேற்கிலிருந்து, அட்லாண்டிக்கிலிருந்து வருகிறது. அதனால் அக்கிலில் தொடங்கிக் கிழக்கே வருவதுதான் உத்தமம். வாடகை சைக்கிள் கடைக்காரர்களே வேனில் ஏற்றிக்கொண்டுபோய் அக்கிலில் இறக்கிவிடுகிறார்கள். காற்று முதுகைத் தள்ள, நிதானமாகத் திரும்பி வரலாம். மல்ரானி வரை 13 கிலோமீட்டர். அங்கிருந்து நியூபோர்ட்டுக்கு 18, பிறகு வெஸ்ட்போர்ட்டுக்கு 11. ஒரே நாளில் முடிக்க முடியும். நாங்கள் மல்ரானியில் ஒரு ராத்திரி தங்கினோம்.

முதல் பகுதி சதுப்பு நிலம். வெட்டியெடுத்த கரிமண் கட்டிகளை நாலைந்தாகச் சாய்த்து நிறுத்திக் காயவைத்திருக்கிறார்கள். குளிருக்கு அடுப்பில் இடுவது அதைத்தான். எங்கோ ஒரு வீட்டின் புகைபோக்கியிலிருந்து அந்தப் புகை வருகிறது, மண்ணும் மரமும் சேர்ந்து எரிகிற மாதிரி ஒரு மணம். மல்ரானி மலைச்சரிவுகளில் பழைய அயர்லாந்து இனத்து வெள்ளாடுகள், வளைந்த கொம்பும் தொங்கும் உரோமமுமாகத் திரிகின்றன. மல்ரானியைத் தாண்டியதும் கிளூ வளைகுடா விரிகிறது. பனிப்பாறைகள் விட்டுப்போன மண்மேடுகள் கடலில் பாதி மூழ்கித் தீவுகளாய் நிற்கின்றன. வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை தீவு என்று உள்ளூரில் சொல்வார்கள். அக்கரையில் குரோ பாட்ரிக், 764 மீட்டர், கூம்பு வைத்தாற்போல. ஜூலை மாதக் கடைசி ஞாயிறன்று ஆயிரக்கணக்கானவர்கள் அதில் ஏறுகிறார்கள், அந்தக் கூர்க்கற்களின் மேல் வெறுங்காலோடு ஏறுகிறவர்களும் உண்டு.

இந்த அழகை மட்டும் சொல்லி நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. இந்தத் தடத்துக்கு ஒரு துக்கம் இருக்கிறது.

வறிய மேற்குக் கரைக்கு வேலையும் மீன் சந்தையும் கிடைக்கட்டும் என்று, ஆர்தர் பால்ஃபர் அயர்லாந்தின் தலைமைச் செயலராக இருந்தபோது, 1889-ல் இலகு ரயில்பாதைச் சட்டம் வந்தது. அரசுப் பணத்தில் பாதை போட்டார்கள். வெஸ்ட்போர்ட்–நியூபோர்ட் 1894 பிப்ரவரியில் திறந்தது. அக்கில் வரைக்கும் 1895 மே மாதம்தான் முறைப்படி திறந்தது. ஆனால் அதற்கு முன்பே அக்கிலுக்கு ஒரு ரயில் போனது.

1894 ஜூன் 14. அக்கிலின் இளைஞர்களும் பெண்களும் ஸ்காட்லாந்துக்குக் கிழங்கு பறிக்கும் கூலி வேலைக்குப் படகில் புறப்பட்டார்கள். வருஷா வருஷம் போவதுதான். வெஸ்ட்போர்ட் துறைக்கு அருகே கிளாஸ்கோ கப்பல் காத்திருந்தது. அதைப் பார்க்க எல்லோரும் படகின் ஒரே பக்கம் திரண்டார்கள், படகு கவிழ்ந்தது என்பார்கள். 32 பேர் மூழ்கினார்கள். அவர்களுடைய உடல்களை ஊருக்குக் கொண்டுவந்ததுதான் அந்த ரயில்.

பிறகு 1937 செப்டம்பர். ஸ்காட்லாந்தில் கிர்கின்டில்லாக் என்ற ஊரில், அதே கிழங்கு வேலைக்குப் போயிருந்த அக்கில் பையன்கள் பத்துப் பேர் படுத்திருந்த கொட்டகை தீப்பிடித்தது. பதின்மூன்று வயதுப் பிள்ளையும் அதில் இருந்தான். ஒருவரும் பிழைக்கவில்லை. அவர்களும் ரயிலில்தான் வந்தார்கள். அந்த மாதக் கடைசியோடு பாதையை மூடிவிட்டார்கள்.

இரும்புச் சக்கர வண்டிகள் புகையும் நெருப்பும் கக்கிக்கொண்டு அக்கிலுக்கு வரும், முதலிலும் முடிவிலும் பிணங்களைச் சுமக்கும் என்று பதினேழாம் நூற்றாண்டில் பிரையன் ரூவா என்றொருவர் சொல்லிவைத்ததாக ஊர் நம்புகிறது. வாக்கு பலித்ததா என்பதைவிட என்னை வருத்துவது வேறு. நாற்பத்து மூன்று ஆண்டுகள் ரயில் ஓடியும், அந்தப் பிள்ளைகள் பிழைப்புக்கு அதே கடலைக் கடந்து அதே வேலைக்கே போக வேண்டியிருந்தது. ஊரை வாழவைக்க வந்த பாதையில் ஊர் வெளியேறிக்கொண்டே இருந்தது.

மூடிய பிறகு தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள். நிலம் துண்டு துண்டாகப் பக்கத்து விவசாயிகளின் கைக்குப் போயிற்று. எழுபது ஆண்டுகளில் அதன்மேல் புல் முளைத்தது, வேலி வந்தது, ஆடு மேய்ந்தது. ஆக, மேயோ மாவட்ட நிர்வாகம் சைக்கிள் பாதை போட நினைத்தபோது கையில் நிலமே இல்லை. நிலத்தைக் கையகப்படுத்தாமல், வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நிலக்காரர்கள், உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, போய் வர மட்டும் அனுமதி கொடுத்தார்கள். நியூபோர்ட்–மல்ரானி பகுதி 2010-ல் திறந்தது. 2011 ஜூலையில் பாதை முழுமையானது. அதே ஆண்டு ஐரோப்பிய அளவில் சுற்றுலா விருதும் கிடைத்தது. விருதைவிடப் பெரிது அந்த அனுமதிகள் என்பது என் எண்ணம்.

அனுமதி என்றால் என்ன என்பதைக் கால் உணர்கிறது. மெத்தென்று போய்க்கொண்டிருக்கும் பாதை சில இடங்களில் திடீரென்று வளைந்து செங்குத்தாக ஒரு மேட்டில் ஏறும். பழைய தடத்தைவிட்டுப் பாதை விலகும் இடம் அது. தடத்தின் மேல் ஒரு வீடு எழும்பியிருக்கலாம், ஒருவர் கொடுக்க விரும்பாமல் இருந்திருக்கலாம். இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நியூபோர்ட்டுக்கு முன்னால் ஓரிடத்தில் மேய்ச்சல் நிலத்தின் இரும்புக் கதவு திறந்து கிடந்தது. ஒரு பெரியவர் ஆடுகளைப் பாதையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். அடையாளத்துக்காக ஒவ்வொன்றின் முதுகிலும் நீலச்சாயம். நாய் ஒன்று சத்தமே இல்லாமல் வயிற்றைத் தரையோடு வைத்து ஊர்ந்து அவற்றை ஒதுக்கிக்கொண்டிருந்தது. எங்களுக்கு முன்னால் வந்தவர்களும் சைக்கிளைவிட்டு இறங்கி நின்றிருந்தார்கள். கடைசிக் குட்டி கடந்ததும் அவர் கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டி, எங்களைப் பார்த்து விரலைத் தொப்பியில் வைத்தார். அவ்வளவுதான். பாதையில் போகிறவர்களுக்காக அவர் தொழில் நிற்கவில்லை.

எல்லா இடத்திலும் இப்படி நடந்துவிடவில்லை. தெற்கே வாட்டர்ஃபோர்டில் நிலம் ரயில்வே கையிலேயே இருந்ததால், டங்கார்வன் வரை 46 கிலோமீட்டர் பாதையை 2017-ல் திறக்க முடிந்தது. கெர்ரியில் 1960-ல் மூடிய கடற்கரை ரயில் தடத்துக்கு மாவட்ட நிர்வாகம் கட்டாயக் கையகப்படுத்தலைக் கையிலெடுத்தது. நிலக்காரர்களில் சிலர் கடுமையாக எதிர்த்தார்கள், விவகாரம் நீதிமன்றம் ஏறியது. அந்தப் பாதையும் மலைக்கும் கடலுக்கும் நடுவில் போவது, வந்தால் பேரழகாக இருக்கும். ஆனால் மேயோவின் வழியே எனக்குப் பிடித்தது. அதற்கும் ஒரு பலவீனம் உண்டு, மறைக்க வேண்டியதில்லை: கொடுத்த அனுமதியை ஒருவர் திரும்பப் பெற்றுக்கொண்டால் அந்த இடத்தில் பாதை அறுந்துபோகும். அதனால் அங்கே போகிறவர்கள் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள், நீங்கள் திறந்த கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டுங்கள், ஆடு கடந்தால் இறங்கி நில்லுங்கள். ஜூன் மாதத்தில் ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது, அவசரமே இல்லை.