விஷவாயு தாக்கவில்லை

"மலக்குழியில் இறங்கிய இருவர் விஷவாயு தாக்கிப் பலி." வருசம் பூரா இதே தலைப்பில்தான் செய்தி வருது. ஊர்ப் பேரும் ஆள் பேரும் மாறும். சாதி அநேகமாக மாறுவதில்லை.

வாயுவுக்குச் சாதி பார்க்கத் தெரியுமா? ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது. குழியின் அடியில் தேங்கி நிற்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். அளவு கூடினால் மூக்கே செத்துப்போகும். நாற்றம் இல்லையே என்று இறங்கியவன் சில மூச்சில் விழுவான். தூக்கப் போனவனும் விழுவான். இது இன்ஜினியருக்குத் தெரியும். காண்ட்ராக்டருக்கும் தெரியும். தெரிந்தேதான் "ஒரு குவார்ட்டர் போட்டுட்டு எறங்குப்பா, அஞ்சு நிமிச வேல" என்கிறான். இதுக்குப் பேரு விபத்தா?

சட்டம் இல்லாமலில்லை. 1993-இல் ஒன்று வந்தது. 2013-இல் இன்னொன்று. பாதுகாப்புக் கருவி தராமல் ஒருவரை இறக்கினாலே, சாவு நடக்காவிட்டாலும், 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். உச்ச நீதிமன்றம் 2014-இல் சாவுக்கு 10 லட்சம் என்றது. 2023-இல் அதை 30 லட்சமாக்கியது. பணம் சிலருக்குக் கிடைக்கிறது. இறக்கியவர்களில் எத்தனை பேர் ஜெயிலுக்குப் போனார்கள்?

போகாததுக்குக் காரணம் இருக்கு. நிர்வாகம் காண்ட்ராக்டரைக் காட்டும். காண்ட்ராக்டர் சப்-காண்ட்ராக்டரைக் காட்டுவான். அவன் மேஸ்திரியைக் காட்டுவான். செத்தவன் பேரு எந்த வருகைப் பதிவேட்டிலும் இருக்காது. "அவன் எங்க ஆளே இல்ல." கையுறை, முகமூடி பற்றிப் பேசுகிறவர்கள் இதைப் பேசுவதில்லை. குழியில் யார் இறங்க வேண்டும் என்பதைச் சாதி முடிவு செய்கிறது. யார் தப்பிக்க வேண்டும் என்பதைக் காண்ட்ராக்ட் முடிவு செய்கிறது. இரண்டையும் சேர்த்து உடைக்காமல் 'தொழிலாளர் பாதுகாப்பு' என்பது வெறும் பேச்சு.

தோழர்களே, அடுத்த செய்தி வரும்போது மாலையோடு மட்டும் போகாதீர்கள். முதலில் காவல் நிலையம் போங்கள். முதல் தகவல் அறிக்கையை வாங்கிப் படியுங்கள். 'அஜாக்கிரதை' என்று மட்டும் எழுதியிருந்தால் விடாதீர்கள். 2013 சட்டத்தின் 7, 9 பிரிவுகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். தலித்தை மலமள்ள வைப்பது 2015 திருத்தத்துக்குப் பின் வன்கொடுமைச் சட்டப்படியும் குற்றம். அதையும் கேளுங்கள். வேலைக்கு உத்தரவு போட்டவன் யார் என்று கேளுங்கள்.

இறங்கியவன் பேரைப் பேப்பரில் படித்துவிட்டோம். இறக்கியவன் பேரு எப்ப எஃப்.ஐ.ஆர்.ல வரும்?