மகளுக்கும் திடல் வேண்டும்

மாலை வந்தால் மகன் பந்தோடு திடலுக்கு ஓடுகிறான். மகள் குடத்தோடு குழாயடிக்குப் போகிறாள். இது என்ன நியாயம்?

மரக்காணம் உப்பளக் கரைக்குத் தெற்கே கடலூர். அந்த ஊர்ப் பெண் இந்துமதி இந்திய கால்பந்து அணிக்கே ஆடினார். 2018-ல் தமிழ்நாட்டு மகளிர் அணி தேசியப் பட்டம் வென்றது. 2019-ல் மதுரை சேது கழகப் பெண்கள் இந்திய மகளிர் லீக் கோப்பையைக் கொண்டு வந்தார்கள்.

இங்கிலாந்தில் லூயிஸ் என்று ஒரு சிறு நகரம். அங்குள்ள கழகத்துக்கு ஆதரவாளர்களே சொந்தக்காரர்கள். ஆண் அணிக்கும் பெண் அணிக்கும் ஒரே அளவு பணம் என்று 2017-ல் அது முடிவு செய்தது.

இடையஞ்சாவடிப் பெரியோர்களே! நாம் பணம் கேட்கவில்லை. வாரத்தில் மூன்று மாலை திடலைப் பெண்களுக்கு விடுங்கள். அன்று குடத்தை மகன் தூக்கட்டும்!