செய்யாத செய்முறைக்கு மதிப்பெண்

வெங்காய வேர்நுனிச் செல்லில் குரோமோசோம்கள் 16. தாவரவியல் முதலாண்டு மாணவர் இதைப் பிழையின்றி எழுதுகிறார். அவற்றில் ஒன்றைக்கூட அவர் கண்டதில்லை. ஆனாலும் அவருடைய ரெக்கார்டு நோட்டில் செல் பிரிதலின் எல்லா நிலைகளும் வரையப்பட்டிருக்கின்றன. அடியில் பேராசிரியரின் கையெழுத்து. முகப்பில் துறைத்தலைவரின் சான்று.

எதற்குச் சான்று?

தமிழ்நாட்டின் கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் உயிரியல் செய்முறை வகுப்பு கால அட்டவணையில் மட்டுமே நடக்கிறது. நுண்ணோக்கிகள் பீரோவில் பூட்டிக் கிடக்கின்றன. பூஞ்சை பிடித்த லென்ஸ்களைத் துடைக்க ஆளில்லை. சீனியரின் ரெக்கார்டு ஜூனியர் கைக்கு வருகிறது. படங்கள் அப்படியே படியெடுக்கப்படுகின்றன. சீனியர் செய்த பிழையும் கூடவே வருகிறது. கையெழுத்திடுபவருக்கு இது தெரியும். தெரிந்தே கையெழுத்திடுகிறார்.

நிதி இல்லை என்ற பதில் இங்கே செல்லாது. தண்ணீர் நிரம்பிய கிளாஸின் வாயில் வெங்காயத்தை வைத்தால் சில நாளில் வேர் விடும். நுனியை நறுக்கி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இளஞ்சூடாக்கி, அசிட்டோகார்மைன் சாயமேற்றி, கவர் ஸ்லிப்பின் கீழ் நசுக்க வேண்டும். ஒரு காலைப்பொழுதின் வேலை. இதைக்கூடச் செய்விக்காத துறை எதைக் கற்பிக்கிறது?

விலங்கியலின் நிலை இன்னும் மோசம். விலங்குகளை அறுத்துப் பார்க்கும் பயிற்சியை நிறுத்துமாறு 2014இல் பல்கலைக்கழக மானியக் குழு உத்தரவிட்டது. அந்த இடத்தை மாதிரிகளும் கணினிவழிப் பயிற்சியும் நிரப்பியிருக்க வேண்டும். கத்தியைக் கீழே வைக்கச் சொன்னது உடனே நிறைவேறியது. மாற்றுப் பயிற்சி காகிதத்திலேயே நின்றது. தவளை போனது. அதன் இடத்துக்கு எதுவும் வரவில்லை.

செய்முறைத் தேர்வு இந்த மோசடியின் இறுதிக் காட்சி. மேசையில் அடையாளம் காணவேண்டிய ஸ்பாட்டர்கள் வரிசையாக நிற்கின்றன. ஆண்டுதோறும் அதே ஃபார்மலின் ஜாடிகள். உயிரியைப் பார்க்காமல், ஜாடியின் மூடியைப் பார்த்தே மாணவர்கள் பெயர் எழுதுகிறார்கள். ஒரு ஸ்லைடைக் குவியப்படுத்திக் காட்டு என்று புறத்தேர்வாளர் கேட்பதில்லை. மதிப்பெண்ணை வாரி வழங்குகிறார். பயணப்படியை வாங்கிக்கொண்டு போகிறார்.

அரசின் பொறுப்பு இதைவிடப் பெரிது. அரசுக் கல்லூரிகள் கௌரவ விரிவுரையாளர்களின் தோளில் ஓடுகின்றன. உதவிப் பேராசிரியர் நியமனத்துக்கு 2019இல் அறிவிப்பு வந்தது. நியமனம் வரவில்லை. 2024 மார்ச்சில் 4,000 இடங்களுக்கு மீண்டும் அறிவிப்பு வந்தது. ஆகஸ்ட் 4 அன்று நடக்கவேண்டிய எழுத்துத் தேர்வும் ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு வேலை உண்டா என்றே தெரியாத கௌரவ விரிவுரையாளர், துறைத்தலைவர் நீட்டும் ரெக்கார்டில் கையெழுத்திட மறுப்பாரா?

இந்தப் பட்டதாரிகள் நாளை பி.எட். முடித்துப் பள்ளிக்குப் போவார்கள். தாங்கள் பார்க்காத செல்லைத் தங்கள் மாணவருக்கு வரைந்து காட்டுவார்கள். சிலர் இரத்தப் பரிசோதனை நிலையங்களில் அமர்வார்கள். மலேரியா ஒட்டுண்ணியை ஸ்லைடில் தேடும் கண், கல்லூரியில் பழகியிருக்க வேண்டிய கண். அதைப் பழக்காமல் விட்டவர்கள் பெயர் எந்த அறிக்கையிலும் வராது. அதனால்தான் இங்கே கேட்கிறோம்.

கல்லூரிக் கல்வி இயக்ககம் ஒவ்வொரு ஆய்வகத்திலும் இயங்கும் நுண்ணோக்கிகளை எண்ணட்டும். எண்ணிக்கையைக் கல்லூரிவாரியாக வெளியிடட்டும். பழுதானவை இந்தப் பருவத்துக்குள் சீராகட்டும். விலங்கியல் துறைகளுக்கு மாற்றுப் பயிற்சிக் கருவிகள் வரட்டும். காலிப் பணியிடங்கள் நிரப்பப்படட்டும்.

பல்கலைக்கழகங்கள் ஒரு விதியைச் சேர்க்கட்டும்: தேர்வாளர் முன்னிலையில் தானே ஸ்லைடு தயாரித்து, குவியப்படுத்திக் காட்டாத மாணவருக்குச் செய்முறையில் தேர்ச்சி இல்லை. நடக்காத வகுப்புக்குச் சான்றளித்த துறைத்தலைவர் எழுத்துமூலம் விளக்கம் தரட்டும். கண்டும் காணாமல் விட்ட முதல்வரும் தரட்டும்.

மாணவர் கட்டணம் கட்டியிருக்கிறார். மக்கள் வரி கட்டியிருக்கிறார்கள். அடுத்த செய்முறைத் தேர்வுக்குள் ஆய்வகங்கள் திறக்கப்பட வேண்டும். திறக்க முடியாத கல்லூரி உயிரியல் பட்டம் வழங்குவதை நிறுத்த வேண்டும்.