சிதைக்குத் தீ மூட்டுமுன்

இறப்பு இயற்கையின் நியதி. ஆனால், இறந்தவர் எவ்வாறு இறந்தார் என்பதை அவரைப் பெற்றவர்களே அறியமுடியாத நிலை நியதியன்று; அநீதி. வேலைக்குச் சென்ற மகன் ஆற்றங்கரையில் பிணமாகக் கிடக்கின்றான். வாழப்போன மகள் பூச்சிமருந்து அருந்திவிட்டாள் என்று செய்தி வருகின்றது. விளக்கமறியலில் இருந்தவன் திடீரென நோயுற்று மாண்டான் என்கின்றார்கள். கருமாதியும் முடிந்துவிடுகின்றது, ஐயம் மட்டும் முடிவதில்லை. குண்டசாலை வட்டாரத்து மக்களுக்கு இதுபற்றிச் சில சொற்கள் கூறுதல் நமது கடமை.

2021 ஜூலை 15ஆம் நாள், கொழும்பில் முன்னாள் அமைச்சர் ஒருவரின் இல்லத்தில் பணிபுரிந்த டயகமத் தோட்டத்துச் சிறுமி, தீக்காயங்களால் வைத்தியசாலையில் உயிர்நீத்தாள். வயது 16. பெற்றோர் ஐயம் எழுப்பினர், மலையகம் கொதித்தெழுந்தது. நீதிமன்றக் கட்டளைப்படி அவளுடைய உடல் ஜூலை 30இல் தோண்டியெடுக்கப்பட்டு, நமக்கு அண்மையிலுள்ள பேராதனை வைத்தியசாலையிலே நிபுணர் மூவர் கொண்ட குழுவினால் மீண்டும் பரிசோதிக்கப்பட்டது. அது எவ்வாறு இயன்றது? அவ்வுடல் எரிக்கப்படாது புதைக்கப்பட்டிருந்தமையால் அன்றோ!

றக்பி வீரர் வசீம் தாஜுதீன் 2012 மே மாதத்தில் நாரஹேன்பிட்டியில் எரிந்த காருக்குள் பிணமாகக் காணப்பட்டார். விபத்தென்றே முதலிற் கூறப்பட்டது. மூன்றாண்டுகள் கழித்து, 2015 ஆகஸ்டில், தெஹிவளை மையவாடியில் அவருடைய உடல் தோண்டப்பட்டது. 2016இல் அது கொலையே என நீதிமன்றம் தீர்மானித்தது.

இவற்றால் நாம் பெறும் பாடம் ஒன்றே: ஐயம் உள்ளவிடத்து உடலை எரித்தலாகாது. சைவ மரபில் தகனமே பெருவழக்கு என்பதை நாம் மறக்கவில்லை. ஆயினும், மலையகத் தோட்டங்களிலே புதைத்தலும் நம்மவர் வழக்கந்தானே? மண்ணில் இட்ட உடல் பின்னரும் சாட்சி சொல்லும். சாம்பலோ எதையும் சொல்லாது.

திடீர் மரண விசாரணை அதிகாரி வந்து, "எவர்மீதாவது சந்தேகம் உண்டா?" என வினவும் வேளையே முக்கியமானது. துயரத்தில் துவண்டவர்கள், ஊரார் என்ன சொல்வார்களோ என்றஞ்சி, "இல்லை" எனக் கூறிக் கையொப்பமிட்டுவிடுகின்றார்கள். பின்னர் நியாயம் கேட்கப் போனால் அக்கையொப்பமே எதிரே வந்து நிற்கும். ஐயமிருந்தால் அப்போதே கூறுங்கள். சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையைக் கோருங்கள். நஞ்சென்று ஐயுற்றால், உடற்கூறுகள் அரச இரசாயனப் பகுப்பாய்வாளருக்கு அனுப்பப்பட வேண்டுமெனக் கேளுங்கள். இறந்தவரின் உடைகளைத் துவைக்காதீர்கள், தொலைபேசியைப் பத்திரப்படுத்துங்கள்.

பொலிசாரிடம் வாய்மொழியாகக் கொடுக்கும் முறைப்பாடு, சொல்லப்பட்ட மொழியிலேயே எழுதப்பட்டு வாசித்துக் காட்டப்படல் வேண்டும் என்பதே 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் பொதுவிதி. தமிழில் எழுதுவதற்கு ஆளில்லையென்றால் நீங்களே எழுதிக் கொடுங்கள். விளங்காத மொழியில் எழுதியதற்குக் கையொப்பமிடாதீர்கள். நிலையப் பொறுப்பதிகாரி அசட்டை செய்தால் மேலதிகாரிகளும் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவும் இருக்கின்றனர். நீதவான் முன் சட்டத்தரணி மூலம் தோன்றவும், பாதிக்கப்பட்டோருக்கு அதே சட்டம் உரிமை அளித்துள்ளது. பணமில்லாதோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். அச்சுறுத்தப்படுவோருக்கு 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் பாதுகாப்புக் கோரும் வழியைத் திறந்துள்ளது.

போகம்பறைச் சிறைச்சாலை 2014இல் பல்லேகலைக்கு வந்த பின்னர், சிறை மரணம் நமது வட்டாரத்துக்கு அயலான விடயமன்று. சிறையிலோ பொலிஸ் காவலிலோ ஒருவர் இறப்பின் நீதவானே விசாரணை நடத்தல் வேண்டும். காவலில் மாண்டவரின் மனைவி உயர் நீதிமன்றில் அடிப்படை உரிமை மனுச் செய்யலாம் என்பது 2003இல் அந்நீதிமன்றமே அளித்த தீர்ப்பு. ஆனால், அதற்குரிய காலம் ஒரு மாதமே! மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் அம்மாதத்துக்குள் முறையிட்டால், அவ்விசாரணை நிலுவையிலுள்ள காலம் கணக்கிற் கொள்ளப்படாது. அழுது முடித்தபின் பார்ப்போம் என்றிருப்பவர்கள் இவ்வாசலை இழந்துவிடுகின்றார்கள்.

இன்னுமொன்று. ஐயம் வேறு, குற்றம் வேறு. 2018 மார்ச்சில், தெல்தெனியவில் தாக்கப்பட்ட சாரதி ஒருவரின் மரணத்தைச் சாட்டாக்கி, திகனையிலும் அயலிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டதை நாம் கண்ணாற் கண்டோம். சந்தேகநபர்கள் ஏற்கெனவே கைதாகியிருந்தும் அவ்வநியாயம் நிகழ்ந்தது. கூட்டம் தீர்ப்பளிக்கப் புகுந்தால் மாண்டவனுக்கும் நீதியில்லை, வாழ்பவனுக்கும் வாழ்வில்லை. ஆகவே, நீதிமன்றத்தை நாடுங்கள், தெருவை நாடாதீர்கள்.

அரசுக்கும் ஒரு சொல். 1988இன் அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, அரச அலுவலரோடு தமிழிற் கருமமாற்றும் உரிமை கண்டி மாவட்டத் தமிழனுக்கும் உண்டு. அவ்வுரிமை ஏட்டிற் கிடந்தால் போதாது. பொலிஸ் நிலையந்தோறும் தமிழறிந்த அலுவலரும், மரண விசாரணைதோறும் தமிழறிந்த அதிகாரியும் இருத்தல் வேண்டும். பரிசோதனை அறிக்கையின் சாரம் குடும்பத்தாருக்கு அவர்தம் மொழியில் விளக்கப்படல் வேண்டும். இது சலுகையன்று, உரிமை.

நம்மிடையே வாழும் ஆசிரியர்களையும் வைத்தியர்களையும் சட்டத்தரணிகளையும் நாம் வேண்டுவது இதுவே: சாவீட்டுக்குச் சென்று கைகூப்பித் திரும்புவதோடு கடமை முடிந்ததென எண்ணாதீர்கள். எழுதத் தெரியாத உழவனுக்கு ஒரு முறைப்பாட்டை எழுதிக் கொடுங்கள். விசாரணை நாளில் அவன் அருகே நில்லுங்கள். இறந்தவருக்கு வாயில்லை, இருப்பவர்களாவது பேசுவோமாக!