கருவியறிதல்

மலேசியத் தமிழர் இல்லங்களில் அண்மைக் காலமாகப் புதியதொரு பெட்டி குடியேறி வருகிறது. கைப்பிடியுடன் கூடிய பிளாஸ்டிக் பெட்டி அது. திறந்தால் கண்ணைப் பறிக்கும் பளபளப்பு. சிறியதும் பெரியதுமாய் அடுக்கி வைக்கப்பட்ட இரும்புத் துண்டுகள். மூடியின்மேல் கொட்டை எழுத்தில் '108 கருவிகள்' என்று அச்சிடப்பட்டிருக்கும். இரும்புக் கடையிலும் பேரங்காடியிலும் இணையச் சந்தையிலும் அது மலிவாகக் கிடைக்கிறது. நூற்றெட்டு என்பது அர்ச்சனைக்குரிய எண். அந்த எண்ணைக் கண்டதும் பயபக்தியோடு பணத்தை எடுத்து நீட்டுகின்ற குடும்பத் தலைவர், வீடு வந்ததும் அப்பெட்டியை மாடிப்படியின் கீழே எழுந்தருளச் செய்துவிடுகிறார். அதன்பின் அது வெளியே வருவது, மகிழுந்து நின்றுபோன நாளில்தான்.

"எல்லாம் அதில் இருக்கிறது" என்பது வாங்கியவரின் பெருமை. உண்மையில் என்ன இருக்கிறது? எண்ணிக்கையில் பெரும்பங்கு, விரல் நுனி அளவே உள்ள திருப்புளி முனைகள். ஒவ்வொரு முனையும் ஒரு 'கருவி'யாகக் கணக்கில் ஏறியிருக்கிறது. அடுத்து, 4, 5, 6 மில்லிமீட்டர் அளவிலான சாக்கெட்டுகள். அவற்றுக்குப் பொருந்தும் நட்டை மகிழுந்தில் காண்பது அரிது. எஞ்சியிருப்பவற்றுள் வேலைக்கு உதவக்கூடியவை பத்தோ பன்னிரண்டோ. அந்தப் பத்தும் மென்மையான உலோகத்தால் வார்க்கப்பட்டிருந்தால் முதல் இறுகிய நட்டிலேயே வாய் விரிந்துவிடும். 'குரோம் வனேடியம்' என்று அதன் முதுகில் பொறித்திருக்கிறதே என்பர். பொறிப்பதற்கு ஓர் அச்சு போதும். உலோகம் வேறு, எழுத்து வேறு.

நூறு ரிங்கிட்டுக்கு நூற்றெட்டுக் கருவிகள் கிடைத்தால் ஒன்றின் விலை ஒரு ரிங்கிட்டுக்கும் குறைவு என்று கணக்குப் போட்டு மகிழ்வது எளிது. அந்தக் கணக்கில் மகிழுந்து எங்கே இருக்கிறது? செய்ய வேண்டிய வேலை எங்கே இருக்கிறது? வினைசெயல்வகை என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், ஒரு செயலைத் தொடங்குமுன் ஐயமற எண்ண வேண்டியவை ஐந்து என்கிறார். அவற்றுள் ஒன்று கருவி. எண்ண வேண்டும் என்றுதான் அவர் சொன்னார்; எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. அதிகாரத்தை மனப்பாடம் செய்து பரிசு வாங்கியவர்களே பெட்டியை எண்ணிக்கைக்காக வாங்குகிறார்கள் என்பது வேடிக்கையன்று, வேதனை.

தம் மகிழுந்தின் பிறப்பை அறிந்தவருக்குத் தேர்வு எளிதாகும். 1985 ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா, மிட்சுபிஷி நிறுவனத்தின் லான்சர் வகையை அடிப்படையாகக் கொண்டது. 1994 இல் வந்த பெரொடுவா கஞ்சில், டைஹாட்சு நிறுவனத்தின் வழிவந்தது. ஆகவே இந்நாட்டுச் சாலைகளில் ஓடும் வாகனங்களிற் பெரும்பாலானவை ஜப்பானிய அளவு முறையைப் பின்பற்றியவை. அவற்றுக்கு வேண்டிய ஸ்பானர்கள் 8, 10, 12, 14, 17, 19 மில்லிமீட்டர் என்னும் ஆறே. பேட்டரியின் முனையைக் கழற்ற 10, எஞ்சினைச் சுற்றியுள்ள பல உறுப்புகளுக்கு 12 அல்லது 14, அவ்வளவுதான். ஐரோப்பிய வாகனம் வைத்திருப்பவருக்கு 13, 15, 16, 18 ஆகியன தேவைப்படும். தாத்தா விட்டுச் சென்ற மோரிஸ் மைனரைப் பாதுகாப்பவருக்கோ அங்குல அளவு வேண்டும். மூவருக்கும் ஒரே பெட்டியை விற்கிறான் வணிகன். விற்பவனைக் குறை சொல்லிப் பயனில்லை. தன் வண்டிக்கு எது வேண்டும் என்று அறியாமல் போய் நிற்பவன் குற்றம் அது.

'ஏறத்தாழப் பொருந்தினால் போதும்' என்னும் மனப்பான்மைதான் வீட்டுப் பழுதுபார்ப்பின் முதற்பகை. இதனை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். 12 மி.மீ. நட்டு என்றால், எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே உள்ள தொலைவு 12. அறுகோணம் ஆகையால், எதிரெதிர் மூலைகளுக்கு இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 13.9 மி.மீ. ஆகும். அந்த நட்டில் 14 அளவுள்ள ஸ்பானரை மாட்டினால், அது பிடிப்பின்றிச் சுழன்றுவிடும். தவறு உடனே தெரிந்துவிடும். 13 அளவுள்ளதை மாட்டினால்? பக்கங்களைப் பற்றாது, சற்றே திரும்பி மூலைகளைப் பற்றிக்கொள்ளும். பிடித்துவிட்டது என்று எண்ணி மாட்டியவர் முழுப் பலத்தையும் கொடுப்பார். மூலைகள் மழுங்கும். மழுங்கிய நட்டைப் பின்னர்ச் சரியான ஸ்பானராலும் கழற்ற இயலாது. அதனை அறுத்தோ உளியால் வெட்டியோதான் எடுக்க வேண்டும். முற்றிலும் பொருந்தாத கருவி கெடுதல் செய்வதில்லை. கெடுப்பது, பொருந்துவதுபோல் தோன்றும் கருவியே. பழைய ஆங்கிலேய வாகனத்தின் அரை அங்குல நட்டில் 12 அளவு நுழையாது. 13 அளவு 0.3 மி.மீ. தளர்ச்சியோடு நுழையும். முக்கால் அங்குலத்துக்கு மட்டும் 19 மி.மீ. ஏறக்குறைய அப்படியே பொருந்திவிடும். அந்த ஒன்றைக் கண்டவர் எல்லாம் அப்படித்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார்.

திறந்த வாய் கொண்ட ஸ்பானர் நட்டின் இரண்டு பக்கங்களை மட்டுமே பற்றும். வளைய ஸ்பானர் நட்டைச் சுற்றிலும் அணைத்துக்கொள்ளும். ஆகவே இறுகியதை அசைக்க வளையம், அசைந்தபின் விரைவாய்ச் சுழற்ற வாய். ஒரு முனையில் வளையமும் மறுமுனையில் வாயும் அமைந்த ஸ்பானரை வாங்கினால் இரண்டும் கையில் இருக்கும். சாக்கெட்டிலும் ஆறு கோணமுடையது, பன்னிரண்டு கோணமுடையது என இருவகை உண்டு. துருப்பிடித்த நட்டுக்கு ஆறு கோணமே ஏற்றது. மலேசிய மழையிலும் ஈரத்திலும் நிற்கும் வாகனத்தின் அடிப்பகுதியில் துருப்பிடிக்காத நட்டு ஏது? அளவை மாற்றிக்கொள்ளும் ஸ்பானரைப் பலர் சகலகலா வல்லவனாகக் கருதுகின்றனர். வேறு வழியே இல்லாதபோது எடுக்க வேண்டியது அது. எடுத்தாலும், இழுக்கும் விசை அசையாத தாடையின்மீது விழுமாறு பிடிக்க வேண்டும். எந்த ஸ்பானரையும் தன்னை நோக்கி இழுப்பதே முறை. தள்ளினால், நட்டு திடீரென்று இளகும் கணத்தில் விரல் முட்டிகள் இரும்பில் போய் மோதும்.

சிலுவைத் தலைத் திருகாணிக்கும் தனிக் கவனம் வேண்டும். 1936 இல் அமெரிக்காவில் பிலிப்ஸ் என்பவர் காப்புரிமை பெற்ற வடிவம் ஒன்று. பழைய ஜப்பானிய வாகனங்களில் காணப்படும் வடிவம் மற்றொன்று. தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகள். முந்தையதன் திருப்புளியைப் பிந்தையதில் வைத்து அழுத்தித் திருகினால் முனை மேலெழும்பித் தலையைத் தின்றுவிடும். "திருகாணி மட்டம்" என்று பழிபோடுவோர் திருப்புளியை ஒருமுறை உற்றுப் பார்ப்பது நல்லது.

சக்கரத்தின் நட்டுக்கு வருவோம். சிறிய மகிழுந்தின் சக்கர நட்டை இறுக்க ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை வேண்டும். 20 செண்டிமீட்டர் நீளக் கைப்பிடியில் அதனைப் பெற 50 கிலோ எடையை ஏற்றியாக வேண்டும். 40 செண்டிமீட்டராயின் 25 கிலோவே போதும். நெம்புகோல் பாடத்தைத் தேர்வில் எழுதி முழு மதிப்பெண் பெற்ற இளைஞன், நடுச்சாலையில் வண்டியோடு வந்த குட்டைக் கைப்பிடியின்மேல் ஏறிக் குதிக்கிறான். அறிவியலைப் படித்தானா, அறிவியல் நூலைப் படித்தானா? நீண்ட கைப்பிடியும் ஆறுகோணச் சாக்கெட்டும் வாங்கியிருந்தால் குதிக்க வேண்டிய தேவையே இராது. இறுக்குவதற்கு நீளம் மட்டும் போதாது, அளவும் வேண்டும். திருப்புவிசையை அளந்து காட்டும் ஸ்பானர் ஒன்று, பெட்டியில் இருக்கும் எண்பது முனைகளைவிடப் பயன் தரும்.

இதுவரை சொன்னவற்றில் பிழை நேர்ந்தால் நட்டுப் போகும்; நகம் போகும். அடுத்துச் சொல்வதில் பிழை நேர்ந்தால் உயிர் போகும். வண்டியோடு வரும் ஜாக், சக்கரம் மாற்றுவதற்காக அமைந்தது. மனிதன் அடியில் படுப்பதற்காக அன்று. சாய்ந்தால் விழும், எண்ணெயால் இயங்குவதாயின் உள்ளே கசிந்தாலும் இறங்கும். தாமான்களில் உள்ள வரிசை வீடுகளின் முன்றில், மழைநீர் வடிவதற்காகச் சற்றே சரிவாகக் கட்டப்பட்டிருக்கும். அந்தச் சரிவில் ஜாக்கை நிறுத்தி, துணைக்கு இரண்டு சிமெண்டுக் கற்களை வைத்து, அடியில் தவழ்ந்து நுழையும் துணிவு துணிவாகுமா? உட்குழிவான சிமெண்டுக் கல் சுமையைத் தாங்கிக்கொண்டிருப்பதுபோல் இருந்து, முன்னறிவிப்பின்றி நொறுங்கும் இயல்புடையது. வண்டியின் எடையைத் தாங்கவல்ல ஜாக் ஸ்டாண்டுகள் இரண்டும், சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கும் கட்டைகள் இரண்டும், சமதரையும் இல்லாத வீட்டில் எவரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. நூற்றெட்டுக் கருவிப் பெட்டியில் ஜாக் ஸ்டாண்டு இருப்பதில்லை. எல்லாம் இருக்கிறது என்று பெருமை பேசியவர் இதனை எண்ணிப் பார்க்கட்டும்.

"இக்கால வண்டி கணினியால் ஓடுவது, ஸ்பானரால் ஆவது என்ன?" என்று கேட்போர் உளர். கணினி பேட்டரியைக் கழற்றி மாற்றுமா? காற்று வடிகட்டியின் மூடியைத் திறக்குமா? தேய்ந்த டயரை மாற்றுமா? கணினியால் ஓடும் வண்டியிலும் 10 அளவு நட்டு 10 அளவாகவே இருக்கிறது. ஆனால் வீட்டில் தொடக்கூடாதவை உண்டு என்பதையும் மறைக்கலாகாது. காற்றுப்பை, குளிர்சாதன வாயு, மின்கலன் வண்டிகளில் ஓடும் செம்மஞ்சள் நிற உயர் அழுத்தக் கம்பிகள் ஆகியவற்றைப் பட்டறைக்கே விட வேண்டும். பிரேக்கைப் பழகாத கை தொடவே கூடாது. எது தன்னால் ஆகும், எது ஆகாது என்று பிரித்தறியும் தெளிவு, ஓரிரு வேலைகளைத் தானே செய்து பார்த்தவருக்கே வரும். பட்டறைக்காரர் சொல்லும் கூலி நியாயமா என்பதும் அவருக்கே விளங்கும். நியாயமான கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்கும் பண்பும் பெரும்பாலும் அவரிடமே காணப்படுகிறது.

இந்த அறியாமைக்கு வேர் கடையில் இல்லை, வீட்டில் இருக்கிறது. "நன்றாகப் படி, இல்லாவிட்டால் பட்டறையில் எண்ணெய்க் கையோடு நிற்பாய்" என்று பிள்ளையை அச்சுறுத்தாத தமிழ்ப் பெற்றோர் எத்தனை பேர்? செந்தூல் இரயில்வே பட்டறையில் எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டிய கைகளில் தமிழ்க் கைகள் இருந்தன. தோட்டத்து ரப்பர் ஆலைகளில் இயந்திரம் நின்றபோது அதனை ஓடச் செய்தவர்களிலும் தமிழர் இருந்தனர். அந்தக் கைகள் ஈட்டிய கூலியில் படித்த தலைமுறையே இன்று அக்கைகளை இழிவாக எண்ணுகிறது. பெண் பிள்ளையின் நிலை இன்னும் மோசம். வண்டி ஓட்டும் உரிமம் வாங்கித் தரும் தந்தை, அவள் பேட்டரியைத் தொட்டால் பதறுகிறார். எதிர்முனைக் கம்பியை முதலில் கழற்றி இறுதியில் மாட்ட வேண்டும். முறை மாறினால் ஸ்பானர் உடற்பகுதியில் பட்டுத் தீப்பொறி பறக்கும். இதனைக் கற்றுக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். பதறுவதற்கும் அதே ஐந்து நிமிடம் ஆகிறது.

பள்ளியின் பங்கும் சிறிதன்று. 2017 இல் புதிய இடைநிலைப் பாடத்திட்டம் வந்தபோது, வாழ்க்கைத் திறன் பாடத்தின் இடத்தை வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்னும் பாடம் பெற்றது. பெயர் உயர்ந்தது, நல்லதே. கை கருவியைத் தொடும் நேரமும் உயர்ந்ததா என்று ஆசிரியர்கள் தத்தம் வகுப்பைப் பார்த்துச் சொல்லட்டும். தமிழ் வகுப்பிலும் இக்குறை உண்டு. 'மறை கழன்றவன்' என்னும் தொடரைக் கொண்டு வாக்கியம் அமைக்கத் தெரிந்த மாணவனுக்கு, மறை என்பது நட்டு என்று தெரியாது. குறடு, அரம், திருப்புளி ஆகிய சொற்கள் அகராதியில் உறங்குகின்றன. ஸ்பானருக்குத் தூய தமிழ்ச் சொல் யாது என்று மணிக்கணக்கில் வாதிடுவோர், ஒரு ஸ்பானரையேனும் வகுப்புக்குக் கொண்டு சென்றதுண்டா? சொல் பின்னர் வரட்டும். பொருள் முதலில் வரட்டும்.

நூறு ரிங்கிட் கையில் இருந்தால் அதனைப் பெட்டிக்குக் கொடுக்க வேண்டியதில்லை. வளையமும் வாயும் உடைய 10, 12, 14 அளவு ஸ்பானர்கள் மூன்றை நல்ல தரத்தில் வாங்கினால் போதும். அடுத்த மாதம் இரண்டாம் எண் சிலுவைத் திருப்புளியும் ஒரு குறடும். அதற்கடுத்து, தம் வண்டியின் சக்கர நட்டை அளந்து பார்த்து, 19 ஆயின் 19, 21 ஆயின் 21, அந்த அளவுக்கு ஆறுகோணச் சாக்கெட்டும் நீண்ட கைப்பிடியும். பிறகு ஜாக் ஸ்டாண்டுகள். அவை வந்து சேரும்வரை வண்டிக்கு அடியில் செய்ய வேண்டிய வேலை எதுவாயினும் பட்டறைக்கே போகட்டும்.