அகராதிக்குள் ஒரு சேரி

வங்கித் தேர்வுக்காக நாளைக்கு இருபது ஆங்கிலச் சொல் என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். எல்லாம் கடினச் சொற்கள். 'பி' வரிசையில் ஒருநாள் நின்றுவிட்டேன். 'பரையா': ஒதுக்கப்பட்டவன், யாரும் சேர்த்துக்கொள்ளாதவன். அடப்பாவிகளா, இது எஞ்சாதிப் பேருடா! இதையும் மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கினாத்தான் நான் குமாஸ்தாவா?

வாங்கினேன். ஆனேன். கோபம் மட்டும் தீரவில்லை.

பறையர் என்ற நம் பெயர் 1600களின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்தில் ஏறிவிட்டது. ஊர் நம்மை வெளியே வைத்திருந்ததை வெள்ளைக்காரன் பார்த்தான். பெயரையே இழிவாக்கி எழுதிக்கொண்டான். இன்று ஒதுக்கப்பட்ட நாடு 'பரையா ஸ்டேட்', தெருநாய் 'பரையா டாக்', பருந்துகூட 'பரையா கைட்'.

"அது வெறும் ஆங்கில வார்த்தை சார், சாதியெல்லாம் அதுல இல்ல" என்கிறார் படித்த நண்பர். அப்படியா? அதே அகராதியில் பக்கத்தைப் புரட்டுங்கள். 'பண்டிட்' என்றால் துறை வல்லுநர். 'பிராமின்' என்றால், அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில்கூட, பரம்பரைப் பண்பாட்டு மேட்டுக்குடி. 'பரையா' என்றால் தள்ளி வைக்கப்பட்டவன். மூன்று சொல்லும் கடல் கடந்து போயின. அங்கேயும் அக்கிரகாரம் அக்கிரகாரமாகவே இருக்கிறது, சேரி சேரியாகவே இருக்கிறது. இதில் சாதி இல்லையாம்!

"அப்போ இங்கிலீஷே வேணாம் தோழர்" என்று சிலர் கிளம்புகிறார்கள். அதுவும் மோசடிதான். மேடையில் தமிழ் முழங்கிவிட்டு பிள்ளையை கான்வென்டில் சேர்ப்பவனுக்குத்தான் அது லாபம். அம்பேத்கர் 1936இல் சாதி ஒழிப்பு உரையை எந்த மொழியில் எழுதினார்? ஆங்கிலத்தில். லாகூர் கூட்டத்தை ரத்து செய்தார்கள், அவரே அச்சிட்டார். உலகம் படித்தது. பெயரைக் கண்டு கூசவும் வேண்டியதில்லை. 1893இலேயே இரட்டைமலை சீனிவாசன் தன் பத்திரிகைக்கு 'பறையன்' என்று பெயர் வைத்தார். எதைச் சொல்லி நம்மை இழிவுபடுத்தினார்களோ, அதையே தலைப்பில் போட்டு விற்றார்!

இரவுப் பள்ளி நடத்தும் தோழர்களுக்குச் சொல்கிறேன்: 'பி' வரிசை வரும்போது தாண்டிப் போகாதீர்கள். மூன்று சொல்லையும் கரும்பலகையில் எழுதுங்கள். இந்த வரிசையைப் போட்டது யார் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். தேர்வில் அவன் கேட்கிற பதிலை எழுதி மார்க்கை வாங்கிக்கொள்ளட்டும். அது நமக்குச் சேர வேண்டிய வேலை. வெளியே வந்தபின் அந்தச் சொல்லை அச்சடிக்கிற ஒவ்வொரு பத்திரிகைக்கும் கடிதம் போடட்டும்.

அதே ஆங்கிலத்தில். பிழையில்லாமல்.