சட்டத்தின் சொல்லும் தீர்ப்பின் பொருளும்

சட்டத்தை இயற்றுவது நாடாளுமன்றம். அதன் சொற்களுக்குப் பொருள் காண்பது நீதிமன்றம். பதிப்புரிமைத் துறையில் இவ்வுண்மை தெளிவாக விளங்குகிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், படைப்பாளியின் ஆக்கத்தை அவர்தம் உடைமையாக ஏற்றுக் காக்கிறது. அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு, கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுத்தால் அஃது உரிமை மீறல் ஆகாது என்கிறது. கற்பித்தல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? சட்டம் அதனை வரையறுக்கவில்லை.

இவ்வினா 2012ஆம் ஆண்டு தில்லி உயர்நீதிமன்றத்தின் முன் எழுந்தது. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இயங்கிய நகலகம் ஒன்று, பாடத்திட்டம் பரிந்துரைத்த நூற்பகுதிகளைப் படியெடுத்துத் தொகுத்து மாணவர்க்கு விற்றுவந்தது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்டு பிரான்சிஸ் ஆகிய பதிப்பகங்கள், நகலகத்தின்மீதும் பல்கலைக்கழகத்தின்மீதும் வழக்குத் தொடுத்தன. மாணவர்களும் கல்வியாளர்களும் அமைப்புகளாகத் திரண்டு வழக்கில் இணைந்தனர்.

2016 செப்டம்பரில் தனி நீதிபதி அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டை விசாரித்த இருவர் அமர்வு, அவ்வாண்டு டிசம்பரில் தீர்ப்பளித்தது. கற்பித்தல் வகுப்பறை உரையோடு முடிவதன்று. படியெடுத்த பக்கங்களின் எண்ணிக்கையைவிட, கற்பித்தலுக்கு அவை தேவையா என்பதே உரைகல் என அது தெளிவுபடுத்தியது. அத்தேவையை ஆராயுமாறு வழக்கை மீண்டும் விசாரணைக்கு அனுப்பியது. 2017இல் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன.

இத்தகைய தீர்ப்பு எழுத்தாளரின் உழைப்பைச் சுரண்ட வழிவகுக்கும் என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சத்தைப் புறந்தள்ளுதல் கூடாது. எழுதுவோர் வாழ்ந்தால்தான் நூல்கள் பிறக்கும். ஆனால், ஓர் இயலைப் படிப்பதற்காக விலையுயர்ந்த நூலை வாங்க இயலாத மாணவர், படி கிடைக்காவிட்டால் நூலை வாங்கப் போவதில்லை, படிக்காமலே விட்டுவிடுவார். அதனால் எழுத்தாளருக்கும் பயனில்லை, கல்விக்கோ இழப்பு. மேலும், முழு நூலையும் அச்சிட்டுச் சந்தையில் விற்க இத்தீர்ப்பு இடந்தரவில்லை. கற்பித்தலின் தேவையே அதன் எல்லை.

ஓர் உயர்நீதிமன்றத்தின் தீர்ப்பு மற்றோர் உயர்நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. எனினும், அதன் வாதம் வலுவுடையதாயின் பிற நீதிமன்றங்களும் அதனை எடுத்தாளும். அவ்வாறே சட்டம் வளர்கிறது. படைப்பவர் உரிமையும் கற்பவர் உரிமையும் ஒன்றையொன்று அழிக்க வேண்டியவை அல்ல. இன்று கற்பவரே நாளை படைப்பவர் என்பதை உணர்ந்து இரண்டையும் சமன்செய்வதே நீதி.